அலுமாரிக்குள்ள கிடந்து பழுதாப் போறதை விட ஆரும் உடுக்கட்டும்

உடுப்பைக் குறைக்கிறதெண்டது எங்கட யாழ்ப்பாணத்தில லேசான விசயமில்லை, அதை முதலே சொல்லிடுறன். நிறையப் பேர் வீடியோ போடுகினம், எல்லாத்தையும் கட்டிலில கொட்டுங்கோ, பிடிச்சதை மட்டும் வையுங்கோ, மிச்சத்தை வெளியால அனுப்புங்கோ எண்டு. பார்க்க நல்லாத்தான் இருக்கு. எங்கட வீட்டில கட்டிலில கொட்டினால் அம்மா வந்து பக்கத்தில இருந்து ஒவ்வொண்டா எடுத்துத் தடவிப் பார்த்து "பிள்ளை, இது எதுக்கும் இருக்கட்டும்" எண்டு சொல்லித் திருப்பி மடிச்சு வைப்பா, பின்னேரம் பார்த்தால் எல்லாம் பழையபடி அலுமாரிக்குள்ள.

அம்மாவில பிழை சொல்ல எனக்கு வாய் வராது. 1995 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில மழைக்குள்ள வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போன நாள். அண்டைக்கு அம்மா கொண்டு போனது ஒரு பை, அதுக்குள்ள ரெண்டு மாத்து உடுப்பும் ஐடென்டி கார்டும் எங்கட பேர்த் சேர்ட்டிபிக்கட்டுகளும். திரும்பி வரேக்க வீட்டில அலுமாரியே இல்லை. அதுக்கு முந்தின வருசங்கள் பொருளாதாரத் தடை, சவர்க்காரம் கிடையாமல் பனங்காயைப் பிசைஞ்சு அதில உடுப்புத் தோய்ச்ச காலம். அப்பிடி வாழ்ந்த மனுசிக்கு ஒரு முழுச் சீலையை வீட்டை விட்டு அனுப்பு எண்டு சொன்னால் அது எங்க போய்க் குத்தும் எண்டு எனக்குத் தெரியும். இப்பவும் அம்மாவின்ர அறைக் கதவுக்குப் பின்னால ஒரு பை தொங்குது, காணி உறுதியும் சேர்ட்டிபிக்கட்டும் ரெண்டு மாத்து உடுப்பும் அதுக்குள்ள. அந்தப் பையில நான் கை வைக்கேல்லை, வைக்கவும் மாட்டன்.

ஆனால் இல்லாத காலத்துப் பழக்கத்தோட இப்ப வந்து சேருற உடுப்பு வேற மாதிரி. கனடா, லண்டன், சுவிஸில இருந்து வாற சொந்தக்காரர் ஒவ்வொருத்தரும் சூட்கேஸில பாதியை இஞ்ச இறக்கிப்போட்டுத்தான் திரும்புவினம், அதில பாதி எங்கட வெயிலுக்கு உடுக்கவே ஏலாத தடிச்ச ஜீன்ஸும் ஸ்வெட்டரும். நான் ரீச்சர் எண்டபடியால் கிழமையில ஐஞ்சு நாளும் சீலை, அதால பிறந்தநாள் வந்தாலும் தீபாவளி வந்தாலும் எனக்குக் குடுக்கிறதும் சீலைதான். பிறகு சாமத்திய வீடு, கலியாணம் எண்டால் சொந்தக்காரப் பெண்டுகள் எல்லாரும் ஒரே கலரில கட்டோணும் எண்டு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கு, படமெடுத்து பேஸ்புக்கில போட்டாச்சு, அதுக்குப் பிறகு அந்தச் சீலையை வேற வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக ஒருத்தருக்கும் மனம் வராது. எனக்கு இந்தப் பழக்கம் துப்பரவாப் பிடிக்கேல்லை, சொந்தக்காரர் வாசிச்சாலும் பரவாயில்லை, எழுதுறன்.

என்னை இந்த வேலையைத் துவங்க வச்சது அம்மம்மாவின்ர கூறைச்சீலை. அவ போனாப் பிறகு அது றங்குப் பெட்டிக்குள்ள இருந்தது, ஒருத்தரும் தொடேல்லை, தொட்டால் பழுதாப்போகும் எண்ட மரியாதை. மச்சாளின்ர கலியாணத்துக்குக் காட்டுவம் எண்டு அம்மா எடுத்து விரிக்க, மடிப்பு மடிப்பா, கோடு கீறின மாதிரி, பட்டு விட்டுப்போய்க் கிடக்கு. சரிகை கறுத்துப் போச்சு. அம்மா அதை மடியில வச்சுக்கொண்டு கனநேரம் கதைக்கேல்லை. பட்டை ஒரே மடிப்பில வருசக்கணக்கா வச்சால் அந்த மடிப்பிலயே இழை பலவீனமாகி வெடிக்கும், நாலைஞ்சு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துக் காத்துப்பட விட்டு வேற மடிப்பில மடிக்கோணும், பொலித்தீன் பையில போடாமல் பழைய பருத்தி வேட்டியில சுத்தி வைக்கோணும், பூச்சி உருண்டை சரிகையில முட்டக் கூடாது. இதெல்லாம் செய்ய நேரமும் கையும் வேணும். அலுமாரி நிறைஞ்சு வழியிற வீட்டில ஆர் எதை எடுத்து மடிக்கிறது? அண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு, கனக்க வச்சிருக்கிறதால நல்லது பாதுகாப்பா இருக்கிறதில்லை, கனக்க வச்சிருக்கிறதாலதான் நல்லது பழுதாப் போகுது.

அதுவும் எங்கட காலநிலைக்கு. ஐப்பசியில மழை துவங்கினால் மார்கழி முடியுமட்டும் சுவரெல்லாம் ஈரம், நெருக்கி அடைஞ்ச அலுமாரிக்குள்ள காத்தோட்டம் இல்லை, பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போட்ட பருத்தியை இராமபாணப் பூச்சி அரிக்கும், பட்டையும் கம்பளியையும் அந்துப்பூச்சியின்ர புழு தின்னும். இதோட சேர்த்து ஒண்டு சொல்லோணும், குழந்தைப்பிள்ளையளின்ர உடுப்புக்குள்ள பூச்சி உருண்டை போடாதேங்கோ. அது நப்தலீன், சில பிள்ளையளுக்குப் பிறப்பிலயே ஜீ6பீடீ எண்ட நொதியம் குறைவா இருக்கும், அந்த உடுப்பைப் போட்டால் இரத்தச் சிவப்பணு உடைஞ்சு கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். காய்ஞ்ச வேப்பிலையைத் துணியில கட்டிப் போட்டால் காணும், அதையும் இடைக்கிடை மாத்தோணும்.

சரி, எப்பிடிச் செய்தன் எண்டால், கட்டிலில கொட்டேல்லை. வருசம் துவங்கேக்க சீலையெல்லாத்தையும் அலுமாரியின்ர இடப்பக்கம் அடுக்கினன், கட்டித் தோய்ச்ச சீலை திரும்பி வந்தால் வலப்பக்கம். அவ்வளவுதான், வேற ஒரு யோசினையும் இல்லை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வீடு துப்பரவாக்கேக்க பார்ப்பம் எண்டு விட்டன். அந்த நேரம் இடப்பக்கத்தில அப்பிடியே கிடந்ததுகளைப் பார்த்தால் ஒருத்தரும் எனக்கு நியாயம் சொல்லத் தேவையில்லை, அலுமாரியே சொல்லுது. அம்மாவும் பார்த்தா. "உதை நீ கட்டவே இல்லையோ?" எண்டு கேட்டா, நான் ஓம் எண்டன். நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், தன்ர கண்ணால பார்த்தபடியால் வரேல்லை.

இடப்பக்கத்தில கிடந்த கனக்கச் சீலை பிடிக்காமல் கிடந்ததில்லை, பிளவுஸ் கொள்ளாமல் கிடந்தது. இது பெண்டுகள் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, சீலை எந்த உடம்புக்கும் வரும், பிளவுஸ் வராது. நல்ல ரெயிலர் தைச்சதெண்டால் பக்கத் தையலுக்கு உள்ளுக்கு ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம் துணி விட்டிருப்பினம், தையலைப் பிரிச்சு விட்டால் காணும், கனக்கக் காசும் எடுக்க மாட்டினம். உள்ளுக்குத் துணி இல்லையெண்டால் கறுப்பிலயோ பொன் நிறத்திலயோ நல்ல பொருத்தமா ஒரு பிளவுஸ் தைச்சு வச்சால் அது பத்துச் சீலைக்கு உதவும். இப்பிடிக் கொஞ்சம் வலப்பக்கம் போச்சு. குடுக்கிறது மட்டும்தான் வழி எண்டில்லை, இருக்கிறதை உடுக்கத் துவங்கிறதும் வழிதான்.

மிச்சத்தைக் குடுக்கேக்க நான் ஒரு பிடிவாதம் வச்சிருக்கிறன். சுனாமிக்குப் பிறகு வடமராட்சி கிழக்கில முகாமில நிண்டு வேலை செய்த சித்தி சொல்லுவா, மூட்டை மூட்டையா உடுப்பு வந்தது, பிரிச்சால் கிழிஞ்சது, கறை பிடிச்சது, சிப் உடைஞ்சது, எல்லாத்தையும் இழந்து நிண்ட சனம் அதைக் கையில எடுத்துப் பார்த்திட்டு ஒண்டும் சொல்லாமல் திருப்பி வச்சுதுகளாம். அதைக் கேட்டாப் பிறகு எனக்கு அப்பிடிக் குடுக்க மனமே வராது. நான் நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகக் கூச்சப்படுற சீலையை இன்னொருத்தரிட்டை நீட்டக் கூடாது. தோய்ச்சு, அயன் பண்ணி, உள்பாவாடையும் சேர்த்து, பிளவுஸ் துணி வெட்டாமல் கிடந்தால் அதையும் வச்சு, கேட்டுத்தான் குடுக்கிறது, "உங்களுக்கு இந்த நிறம் பிடிக்குமோ" எண்டு. எங்கட ஒழுங்கையில ஒரு பெட்டைக்குப் புதுசா ஆசிரிய நியமனம் வந்திருக்கு, முதல் மாசச் சம்பளம் வரமுதலே தினம் ஒரு சீலை வேணும், அவளைக் கூப்பிட்டு நீயே பார்த்து எடு எண்டன். அவள் எடுத்ததெல்லாம் நான் நினைக்காத நிறங்கள், அவளுக்கு நல்ல வடிவு.

கிழிஞ்ச பருத்தி வேற கணக்கு. பழைய நூல்சீலை பிள்ளைப்பெறு வீட்டுக்குப் போகும், ஏணை கட்ட அதை விட மெத்தெண்ட துணி கடையில இல்லை. பழைய வேட்டி பிள்ளைக்குச் சுத்த, அடுப்படியில சட்டி பிடிக்க, வீடு துடைக்க. அம்மம்மாவின்ர கூறையில பழுதில்லாத கரைப்பக்கத்தை வெட்டி அம்மா பேத்திக்குப் பாவாடை தைப்பிச்சா, சாமியறைக்கு ஒரு விரிப்பும் வந்தது.

பொலியெஸ்டர்தான் தலையிடி. அதும் பிளாஸ்ரிக்தான், உக்காது, தண்ணியை உறிஞ்சாது எண்டபடியால் துடைக்கிற துணியாவும் உதவாது. வளவுக்குள்ள குப்பையோட சேர்த்துக் கொளுத்துறது எங்கட ஊர் வழக்கம், தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ, உருகிக் கறுத்த புகை வரும், அந்தப் புகை நெஞ்சுக்குக் கூடாது. இதுக்கு நான் கண்ட ஒரே வழி கடையிலயே யோசிக்கிறதுதான். இப்ப நவீன சந்தைப் பக்கம் போனால் துணியைக் கையில கசக்கிப் பார்த்து, எந்தப் பிளவுஸோட, எந்த நாளைக்கு எண்டு பதில் வந்தால்தான் வேண்டுறன். ஒரு பருத்தி ரீசேட்டுக்கு ஏறக்குறைய 2700 லீற்றர் தண்ணி போகுதெண்டு கணக்குச் சொல்லுகினம். வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லாமல் கிணத்தையே நம்பி இருக்கிற எங்களுக்கு அந்தக் கணக்கு மற்றவையை விட நல்லா விளங்கோணும்.

இனி மகன்ர பக்கம். பெடியன் வளர்ற வேகத்துக்கு வெள்ளைச் சேட்டும் நீலக் காற்சட்டையும் பழுதாக முதலே கட்டையாப் போகுது, பள்ளிக்கூடம் வேறயெண்டாலும் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில சீருடை ஒரே மாதிரித்தான். பொம்பிளைப்பிள்ளையளின்ர வெள்ளைச் சட்டையும் அப்பிடித்தான், ரை மட்டும்தான் மாறும். உங்கட வீட்டிலயும் அப்பிடிக் கட்டையாப் போனது கிடந்தால் புது வகுப்புத் துவங்க முதலே குடுத்திடுங்கோ, துவங்கினாப் பிறகெண்டால் அந்தத் தாய்தகப்பன் எப்பிடியோ கடன்பட்டு வேண்டியிருப்பினம்.