250 எம்.எம். கண், 28 எம்.எம். லென்ஸ்: மூன்று மாதக் கணக்கு

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. இந்த நோயில் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரையின் குச்சி செல்கள்தான் முதலில் அழியும். அதனால் எனக்கு மாலைக்கண் முந்திக்கொண்டது. பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, இப்போது நடுவில் சுமார் 10 டிகிரி மிச்சம். அரை மீட்டர் தள்ளி நிற்பவரின் மூக்கைப் பார்த்தால் காது இரண்டும் தெரியாது. லென்ஸ் கணக்கில் சொன்னால், ஃபுல் ஃப்ரேம் கேமராவில், காட்சியின் ஒரு குறுகிய துண்டை மட்டும் காட்டும் 250 எம்.எம். லென்ஸை மாட்டிக் கழற்றவே முடியாமல் போன மாதிரி.

மூன்று மாதத்துக்கு முன் பழைய கேமராவைத் தூசு தட்டி எடுத்தேன்.

முதல் மாதம் வீண். பழக்கதோஷத்தில் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தேன். அதில் தெரியும் படம் என் பார்வையைவிட அகலம். இடது மூலையில் தொடங்கி வலது மூலைக்குக் கண்ணை ஓட்டி முடிப்பதற்குள் எதிரே இருந்தவர் எழுந்து போயிருப்பார். குடும்பப் படம் ஒன்று எடுத்து அக்கா மகளிடம் காட்டினேன். "எல்லாரும் இருக்காங்க மாமா, ஆனா யாருக்கும் தலை இல்ல" என்றாள்.

வழி கிடைத்தது தற்செயலாக. மெனுவில் எதையோ தேடியபோது கேமராவைக் கை நீட்டிப் பிடித்திருந்தேன். பின்பக்கத் திரை முழுவதும், நான்கு மூலையும் சேர்ந்து, ஒரே பார்வையில் தெரிந்தது! உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 3 அங்குலத் திரையின் குறுக்களவு 7.6 செ.மீ. 45 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அது 10 டிகிரிக்குள் அடங்கிவிடும். கேமராவில் இருந்த 28 எம்.எம். லென்ஸோ மூலைக்கு மூலை 75 டிகிரி பார்க்கும். அந்த 75 டிகிரியும் சுருங்கி என் குழாய்ப் பார்வைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. குழாய்ப் பார்வைக்காரர்களுக்குச் சிறு தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கச் சொல்லும் பழைய உத்தி ஒன்று உண்டு, இதுவும் அதேதான். ஒரு அறையில் இருக்கிற எல்லாரையும் ஒரே நேரத்தில் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! அன்றைக்குப் படம் எடுக்கக்கூட மறந்துபோய், திரையை வைத்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஆனால் இதற்கு விலை உண்டு. அவ்வளவு சிறிதாகச் சுருங்கிய படத்தில் ஃபோகஸ் சரியா இல்லையா என்று தெரியாது. எனவே ஃபோகஸைக் கண்ணிடமிருந்து பிடுங்கி அளவுநாடாவிடம் கொடுத்தேன். 28 எம்.எம். லென்ஸ், துளை அளவு எஃப்/8, 3.3 மீட்டரில் ஃபோகஸ்: 1.65 மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஓரளவு கூர்மையாக விழும். ஹைப்பர்ஃபோகல் என்பார்கள். சுவரிலிருந்து 3.3 மீட்டர் அளந்து நின்று, மேனுவலில் ஃபோகஸ் வைத்து, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். என் வெள்ளைக் கோலையும் நீட்டிய கையையும் சேர்த்தால் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோல் முனைக்கு எட்டாததெல்லாம் கூர்மை. இதைவிட எளிய ஃபோகஸ் முறை எனக்குத் தெரியாது.

டேப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெயிலில் பசை இளகி வளையம் நகர்ந்துவிட, ஒரு பிற்பகல் முழுக்க எடுத்த அறுபது சொச்சம் படமும் போச்சு. திரையில் எல்லாம் அழகாகத்தான் இருந்தன. சிறிய திரை நன்றாகப் பொய் சொல்லும். இப்போது பத்துப் படத்துக்கு ஒருமுறை கடைசிப் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஏதாவது ஒரு கண்ணிமையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

போனிலும் முயன்றேன். ஐபோனில், திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் வாய்ஸ்ஓவரை இயக்கினால் எத்தனை முகங்கள், படத்தில் எங்கே என்று சொல்லும். கூகுளின் பிக்சல் போனில், படத்துக்குள் முகம் வரக் குரலால் வழிகாட்டும் கைடட் ஃப்ரேம் இருக்கிறது. செல்ஃபிக்கு அருமை. ஆனால் எனக்கு முகம் மட்டும் போதாதே. காலியாகக் கிடக்கும் நாற்காலியையும் நானே பார்க்க வேண்டும்.

பார்வையில்லாமலே படமெடுக்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள். எவ்கன் பாவ்சார் 12 வயதுக்குள் இரண்டு கண் பார்வையும் இழந்தவர். பீட் எக்கர்ட்டுக்கு வந்தது என் நோயேதான். முழுப் பார்வையும் போன பிறகு இருட்டில் விளக்கை அசைத்து அசைத்துப் படம் வரைகிறார். அவர்களோடு என்னைச் சேர்த்துப் பேசும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அவர்கள் மனத்தில் இருப்பதை வெளியே கொண்டுவருகிறார்கள். நான் இன்னும் வெளியே இருப்பதைப் பார்த்துவிட அலைகிறேன். அது வேறு, இது வேறு.

மூன்றாம் மாதம் இரவுக்குப் போனேன். இருட்டினால் எனக்குத் தெரு என்பது விளக்குப் புள்ளிகள் மட்டுமே. ட்ரைபாட், 10 நொடி எக்ஸ்போஷர். (ட்ரைபாட் காலில் இரண்டு முறை தடுக்கிய பிறகு அதற்கும் வெள்ளை டேப் சுற்றியாயிற்று.) என் கண்ணால் 10 நொடி ஒளியைச் சேர்த்துவைக்க முடியாது, சென்சாரால் முடியும். திரையில் மதில், மரம், கம்பி எல்லாம் வந்து நின்றன.

"மதில் மேல பூனை இருக்கு மாமா" என்றாள் அக்கா மகள். பெரிதாக்கித் தேடினேன். இருந்தது, ஆனால் இரண்டு தலையோடு. 10 நொடிக்குள் திரும்பிப் பார்த்திருக்கிறது. அடுத்த முறை ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றி 2 நொடியில் முயல வேண்டும்.