சதுப்பு நிலத்துச் சர்ச்சின் தேவதூதர்கள்

இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரிலிருந்து ஏ12 சாலையில் வடக்கே போகிறவர்கள் ப்ளைத்பர்க் சர்ச்சைப் பார்க்காமல் கடக்கவே முடியாது. ஒரு பக்கம் ப்ளைத் ஆற்றின் சதுப்பு, நாணல், சேறு. மேட்டின்மேல் நீண்டு கிடக்கிறது பரிசுத்த திரித்துவ ஆலயம். சுற்றிலும் சில வீடுகள்தான். இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கோயிலா என்று யாருக்கும் தோன்றும்.

15-ஆம் நூற்றாண்டில் இது படகுகள் வந்துபோன, சந்தை கூடிய ஊர். அந்தக் காலத்துப் பணத்தில் எழுந்த கோயில் இது. இந்த ஊர் இருக்கும் சஃபோக் மாவட்டத்தில் நல்ல கட்டடக் கல் கிடையாது. அதனால் சக்கிமுக்கிக் கல்லை உடைத்து, அதன் கரிய பளபளப்பு வெளியே தெரியும்படி சுவரில் பதித்திருக்கிறார்கள். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே அதே கல்லில் கிரீடம் சூடிய எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. கை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி போல வழவழவென்று இருந்தது.

உள்ளே போனால் வெளிச்சம்தான் முதலில் தெரிகிறது. மேல் சுவரில் பக்கத்துக்கு 18 ஜன்னல்கள். அப்புறம் தலை தானாக நிமிர்கிறது. கூரை உச்சியில் மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள், இருவர் இருவராக முதுகோடு முதுகு ஒட்டி, சிறகு விரித்திருக்கிறார்கள். சிலருக்குச் சிறகு இல்லை. வெள்ளைப் பூச்சின்மேல் எழுதிய சிவப்பு, பச்சைப் பூக்கள் மங்கியிருக்கின்றன. ஆனாலும் பழைய வண்ணம்.

இவை தப்பியது பெரிய விஷயம். 1577 ஆகஸ்ட் 4 அன்று வழிபாட்டின்போது இடி விழுந்து, கோபுரத்தின் கூர்முனை கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. ஒரு மனிதரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். பேய் நாய் வந்து போனதாக ஊரார் சொன்னார்கள். அதன் நகம் கீறியது என்று வடக்குக் கதவின் கரிந்த தடங்களை இன்றும் காட்டுகிறார்கள். 1644-இல், சர்ச்சுகளில் உருவங்கள் கூடாது என்ற பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் சார்பில் அவற்றை உடைக்க வந்த வில்லியம் டௌசிங், இங்கே 20 தூதர்களை இறக்கவேண்டும் என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவ்வளவு உயரத்தில் இருந்தவர்களை எல்லாம் யாரும் இறக்கவில்லை. மரத்தில் ஈயக் குண்டுகள் கிடைத்தபோது டௌசிங் ஆட்கள் சுட்டவை என்றே நெடுநாள் நம்பினார்கள். உண்மையில் அவை பின்னால், கூரையில் அடைந்த காக்கைகளை விரட்டச் சுட்டவை.

ஆறு தூர்ந்து ஊர் நொடித்துப் போனதும் கோயிலைக் கவனிக்க ஆளில்லை. 1881-இல் ஆபத்து என்று பிஷப் மூடவே வைத்தார். ஆனால் எனக்கு இதில் ஒன்று படுகிறது: காசு இருந்திருந்தால் எல்லாவற்றையும் பெயர்த்துப் புதுசாகப் பூசியிருப்பார்கள். ஏழ்மைதான் இந்தப் பழைய வண்ணத்தைக் காப்பாற்றியது.

பெஞ்சுகளின் முனையில் கிறிஸ்தவம் சொல்லும் ஏழு பெரும்பாவங்களை மனித உருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பல், கட்டிலில் போர்வையோடு உட்கார்ந்திருக்கிறது. பெருந்தீனிக்குத் தொந்தி. எத்தனை தலைமுறைக் கைகள் பட்டனவோ, தொட்ட இடமெல்லாம் மெருகேறியிருக்கிறது. அந்தத் தொந்திக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கழுத்து வலிக்கும் வரை மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.