148 ஹெர்ட்ஸ் உறுமல் ஒழிந்தது, பின்பக்க கிரில் இன்னும் பாக்கி

கணினியின் முன்பக்க ஃபேன் மூன்றும் 1000 ஆர்பிஎம்மை (நிமிடச் சுழற்சி) நெருங்கும்போதெல்லாம் கேபினெட்டிலிருந்து எழும்பி மேஜை வரை இறங்கிய உறுமல் ஒருவழியாகப் போய்விட்டது. ஃபேன் எதையும் மாற்றவில்லை. ஒரு துண்டு பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ஒட்டுப் படலம்), கொஞ்சம் தையல் எலாஸ்டிக், ஃபேன் கர்வில் (எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்ற அமைப்பு) ஒரு தாண்டல், அவ்வளவுதான். கிரில் வெட்டும் வேலையும் கிராபிக்ஸ் கார்டும் மிச்சம் இருக்கின்றன. ஆனாலும் இந்த உறுமலுக்குப் பயந்து ஃபேன் மேல் ஃபேனாக வாங்குபவர்கள் நிறைய இருப்பதால், ஆன வரைக்கும் எழுதிவைக்கிறேன்.

அமைப்பு இதுதான். ரைசன் 7 7700எக்ஸ் பிராசசர், இரட்டைக் கோபுர ஏர் கூலர், அதில் 7 இறக்கை கொண்ட 120 மி.மீ. ஃபேன் இரண்டு. முன்னால் 9 இறக்கை கொண்ட 120 மி.மீ. ஃபேன் மூன்று, பின்னால் அதே ரகத்தில் ஒன்று. 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் மெல்லிய இரும்புத் தகடு. ஃபேன் எல்லாமே 4 பின் பிடபிள்யூஎம், அதாவது மதர்போர்டு வேகத்தை மாற்றக்கூடியவை. வேகத்தை விண்டோஸில் ஃபேன்கன்ட்ரோல் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. பேஸ்ட் மாற்றுவது, தூசி ஊதுவது, வயர் ஒதுக்குவது எல்லாம் முடிந்த பிறகுதான் இங்கே வருவீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஃபேனைத் தொடுவதற்கு முன் வாட்டைக் குறைத்துவிடுங்கள். 7700எக்ஸின் டிடிபி (கூலருக்குச் சொல்லும் வெப்ப அளவு) 105 வாட், ஆனால் அது இழுத்துக்கொள்ள அனுமதி 142 வாட் வரை. பயாஸில் ஈகோ மோடை 65 வாட்டுக்கு வைத்தால் அந்த உச்சம் 88 வாட்டுக்கு இறங்கிவிடும். எல்லா கோரையும் பிழியும் ரெண்டரிங், கம்பைல் வேலைகளில் சற்றே தாமதம் தெரியும். கேமில் தேடினாலும் தெரியாது. காசு செலவில்லாமல் 54 வாட் வெப்பம் மிச்சம்.

அடுத்தது கணக்கு. ஃபேன் இரைச்சல் வேகத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. வேகம் பாதியானால் 15 டெசிபல் இறங்கும். அதே ஃபேன் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால் கூடுவது 3 டெசிபல்தான். ஆக, ஒரு ஃபேன் 1200ல் தள்ளும் காற்றை இரண்டு ஃபேன்கள் 600ல் தள்ளினால் 12 டெசிபல் லாபம். இது தடையில்லாத இடத்துக்கான கணக்கு. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் விழுவதால், ஃபில்டரும் கிரில்லும் குறுக்கே நின்றால் லாபம் சுருங்கும். ஆனாலும் முன்னால் ஒன்றுக்கு மூன்றாகப் போட்டதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கெல்லாம் 'ஸ்ஸ்' என்று வரும் காற்றுச் சத்தத்துக்குத்தான். உறுமல் அதில் அடங்காது. 700ல் அமைதி, 1200ல் காற்றுச் சத்தம் மட்டும், இடையில் 940 முதல் 1040 வரை மட்டும் 'ம்ம்ம்' என்று ஒன்று. டெசிபல் மீட்டர் ஆப்பை நம்பி இதைப் பிடிக்க முடியாது. அவை பெரும்பாலும் ஏ வெயிட்டிங்கில் (காதின் உணர்வுக்கேற்ப தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணக்கிடுவது) அளப்பவை, 150 ஹெர்ட்ஸ் பக்கம் அது 14 டெசிபல் போலக் கழித்துவிடும். ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற படம், பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ஸ்பெக்ட்ராய்டு போதும். இல்லாவிட்டால் மைக்கில் பதிந்து ஆடாசிட்டியில் பிளாட் ஸ்பெக்ட்ரம் போடுங்கள். 44100 சாம்பிளில் சைஸை 16384 என்று வைத்தால் 3 ஹெர்ட்ஸுக்குள் துல்லியம் கிடைக்கும்.

அளக்கும்போது சிபியு ஃபேனைக் கீழ் வேகத்தில் அடக்கி, பின்பக்கத்தை நிறுத்தி, கிராபிக்ஸ் கார்டு ஃபேன் நின்றிருக்கும் நேரமாகப் பாருங்கள். முன்பக்கத்தை 500லிருந்து 1500 வரை இருபது இருபது ஆர்பிஎம்மாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பத்து விநாடி நிற்க வேண்டும். சர்ரென்று ஏற்றினால் ஒத்ததிர்வு முழு உயரத்துக்கு எழும்ப அவகாசம் கிடைக்காமல் நழுவிவிடும். அந்த 20 ஆர்பிஎம் படியில்தான் விஷயமே இருக்கிறது. 100 ஆர்பிஎம் படியாகப் போனால் உறுமும் பட்டையில் ஒரு புள்ளிதான் விழும், அதன் ஓரம் எங்கே என்று தெரியாது.

இனி ஸ்பெக்ட்ரத்தில் எழும்பும் முகட்டைப் படிப்பது. ஆர்பிஎம்மை 60ஆல் வகுத்து, இறக்கை எண்ணிக்கையால் பெருக்கினால் இறக்கை கடக்கும் அதிர்வெண் வரும். 987 ஆர்பிஎம், 9 இறக்கை என்றால் 148 ஹெர்ட்ஸ். திரையில் முகடு உச்சத்துக்குப் போனதும் அங்கேதான். வேகத்தை ஏற்றினால் முகடும் கூடவே நகர்கிறது, ஆனால் 141க்கும் 156க்கும் நடுவில் மட்டும் வீங்குகிறது. நகர்வது ஃபேனின் வேலை. குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வீங்குவது தகட்டின் வேலை. இதை உறுதி செய்ய இரண்டு சோதனைகள். ஃபேனைக் கழற்றிக் கையில் பிடித்து அதே வேகத்தில் ஓட்டுங்கள், உறுமல் காணாமல் போனால் ஃபேன் நிரபராதி. கையிலும் உறுமினால் மோட்டார் அல்லது பேரிங், அதற்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. இரண்டாவது சோதனை இன்னும் அழகு. தகடுதான் காரணம் என்றால் 7 இறக்கை சிபியு ஃபேன் அதே 148 ஹெர்ட்ஸை 1269 ஆர்பிஎம்மில் தொட வேண்டும். முன்பக்கத்தை நிறுத்திவிட்டு சிபியு ஃபேனை ஏற்றினால் 1270ஐ ஒட்டி அதே குரல்.

எந்தத் தகடு என்பதற்கு உள்ளங்கை போதும். உறுமும் வேகத்தில் நிறுத்திவைத்து ஒவ்வொரு பக்கமாக அழுத்துங்கள். கண்ணாடி, மேல்பக்கம், முன்பக்கம் எதை அழுத்தியும் உறுமல் மாறவில்லை. மதர்போர்டுக்குப் பின்னால் வரும் இரும்புத் தகட்டின் நடுவில் கை வைத்ததும் சட்டென்று அடங்கியது. ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தாலும் தகட்டின் நடுப்பகுதி பறை போல விம்மும், ஓரத்தில் எவ்வளவு முறுக்கினாலும் அதற்கு உறைக்காது.

கேபினெட்டுக்குள் முழுக்கப் பஞ்சு ஒட்டச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். 150 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் இரண்டு மீட்டருக்கு மேல், 10 மி.மீ. நுரைக்கு அது கட்டுப்படாது. காற்றை அடைத்து வெப்பத்தைத்தான் கூட்டும். தகட்டுக்கு வேண்டியது எடையும் இழுவையும். கார் கதவுக்குள் ஒட்டும், அலுமினியத்தாள் முதுகுடைய 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் சரியான பொருள். தார் வகை ஷீட் மலிவு, ஆனால் சூடானால் வாடை வரும். தகட்டின் நடுப்பகுதியை மட்டும் மூடினால் போதும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஷீட்டை ஹேர் டிரையரில் இளக்கி, உருளையால் அழுத்தித் தேய்க்கவும். அடியில் காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடம் வேலை செய்யாது. வயர்கள் தகட்டில் உரசும் இடத்தைத் தவிர்த்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கதவு மூடாது.

எச்சரிக்கை இங்கேதான் வேண்டும். எடை கூடினால் தகட்டின் இயல் அதிர்வெண் இறங்கும். 148ல் இருந்த முகடு உயரம் குறைந்து, அகலமாகி, 125 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து உட்கார்ந்தது. 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் சுழல்வது நொடிக்கு 120 தடவை. அதாவது ஃபேனுக்குப் போட்ட வைத்தியம் தகட்டை டிஸ்க்கின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது, இதுவரை கேட்காத டிஸ்க் மெல்ல முனக ஆரம்பித்தது. எஸ்எஸ்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டிஸ்க் இருந்தால் அதைத் தட்டிலிருந்து எடுத்து எலாஸ்டிக்கில் தொங்கவிடுங்கள். 10 மி.மீ. பட்டை எலாஸ்டிக், கூண்டின் இருபுறமும் குறுக்காகக் கட்டி, முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு சுற்று. ரப்பர் பேண்ட் வேண்டாம், வெப்பத்தில் காய்ந்து அறுந்துவிடும். சாட்டா வயரை இறுக்கமாக விட்டால் அதிர்வு அதன் வழியாகவே தகட்டுக்குப் போய்விடும், தளர்வாக ஒரு வளைவு விடுங்கள். இரும்புத் தட்டின் தொடுதல் போய்விடுவதால் டிஸ்க் சூடு கொஞ்சம் கூடும், முன்பக்கக் காற்று அதன்மேல் படும்படி வைக்க வேண்டும்.

ஷீட் ஒட்டிய பிறகு மறுபடி முழு ஸ்வீப், அதாவது 500லிருந்து 1500 வரை அதே அளவீடு. 118 முதல் 132 ஹெர்ட்ஸ் வரை இப்போது லேசான மேடு. 9 இறக்கைக்கு அது 787 முதல் 880 ஆர்பிஎம், 7 இறக்கைக்கு 1011 முதல் 1131. இந்த எல்லைகளுக்குள் ஃபேன் நிற்கவே கூடாது, கடந்து போகலாம்.

ஃபேன்கன்ட்ரோலின் கிராஃப் கர்வில் பக்கத்துப் பக்கத்து டிகிரியில் இரண்டு புள்ளி வைத்து இந்தப் பட்டையைத் தாண்டச் சொன்னால், வெப்பம் சரியாக அந்த இடைவெளியில் ஊசலாடி, ஃபேன் பட்டையின் இரு கரைக்கும் குதித்துக்கொண்டே இருக்கும். ஆகவே முன்பக்கத்துக்கு டிரிக்கர் வகை கர்வ். 68 டிகிரியைத் தொட்டால் மேல் வேகம், 55க்குக் கீழே வந்தால்தான் பழைய வேகம். நடுவே எதுவும் கிடையாது. சிபியு ஃபேனுக்கு கிராஃப்தான். 980 வரை சாய்வு, அங்கிருந்து நேராக 1150. அதற்கு ஹிஸ்டரிசிஸ் (வெப்பம் இவ்வளவு மாறினால்தான் வேகம் மாறும் என்ற அளவு) 4 டிகிரி. ஸ்டெப் அப் சதவீதத்தை (வேகம் ஏறும் விரைவு) மிகவும் குறைத்தால் பட்டைக்குள் தவழ்ந்துகொண்டு போகும், ஓரிரு விநாடியில் தாண்டும்படி வையுங்கள்.

எந்த வெப்பநிலையைக் கொடுப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ரைசனில் ஒரு இணையப் பக்கம் திறந்தாலே சிபியு வெப்பம் 10, 15 டிகிரி துள்ளும். அந்தத் துள்ளல் சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடைப்பட்டது, ஃபேன் அதில் செய்ய எதுவும் இல்லை. ஒரு கிலோ அலுமினியம் ஒரு டிகிரி ஏற 900 ஜூல் வேண்டும். 88 வாட் முழுதும் இறங்கினாலும், ஃபேனே சுற்றாவிட்டாலும் ஹீட்சிங்க் ஒரு டிகிரி ஏறப் பத்து விநாடி ஆகும். ஆகவே ஃபேன்கன்ட்ரோலில் டைம் ஆவரேஜ் சென்சார் ஒன்று போட்டு 30 விநாடி சராசரியைக் கொடுங்கள். கேபினெட் ஃபேன்களுக்கு இந்தச் சராசரி, கிராபிக்ஸ் கார்டு வெப்பம் இரண்டில் எது அதிகமோ அது. மிக்ஸில் மேக்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்து விம்மல். முன் மூன்றையும் ஒரே ஸ்பிளிட்டரில் (ஒரு இணைப்பைப் பல ஃபேனுக்குப் பிரிக்கும் வயர்) மாட்டினால் மூன்றும் ஒரே வேகம் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே மாடலில் 10 சதவீதம் வரை வேறுபாட்டைத் தயாரிப்பாளர்களே அனுமதிக்கிறார்கள். ஒன்று 700, இன்னொன்று 715 என்றால் 105 ஹெர்ட்ஸுக்கும் 107 ஹெர்ட்ஸுக்கும் நடுவே நொடிக்கு இரண்டு முறை 'வூ... வூ...' என்று ஏறி இறங்கும். காதுக்கு இதைவிட எரிச்சல் எதுவும் இல்லை. மூன்றையும் மதர்போர்டின் தனித்தனி ஹெடரில் மாட்டி, வேண்டுமென்றே 50 ஆர்பிஎம் தள்ளி வைத்தாகிவிட்டது. கீழ் வேகம் 640, 690, 740. மேல் வேகம் 930, 980, 1030. கர்வ் ஒன்றுதான், ஆஃப்செட் மட்டும் வேறு. ஏற்ற இறக்கம் அப்போது நொடிக்கு ஏழெட்டு ஆகி, காற்றுச் சத்தத்தோடு கலந்துவிடும்.

வாங்குவோருக்குச் சில வார்த்தை. பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை இரு கம்பெனிகளுக்கு இடையே ஒப்பிடாதீர்கள், அளந்த தூரமும் சூழலும் ஒன்றல்ல. இறக்கை எண்ணிக்கையைப் பாருங்கள், மேலே போட்ட கணக்குக்கு அதுதான் வேண்டும். ஸ்க்ரூவுக்குப் பதில் ஃபேனை மாட்டும் ரப்பர் பின் வாங்கும் முன் ஃபேனின் மூலை திறந்த வகையா, மூடிய குழாய் வகையா என்று பார்க்க வேண்டும், ஒன்றுக்கானது மற்றதில் நிற்காது. பின்னைக் குறடால் இழுத்தால் கழுத்தில் அறுந்துவிடும், பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தடவினால் கையாலேயே வந்துவிடும். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஃபேனை மாற்றச் சொல்லும் வீடியோக்களை மறந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டை ஒட்டி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

இனி பின்பக்கம். தேன்கூடு போல் துளையிட்ட கிரில் பாதி வழியை அடைக்கிறது. அதைத் தகடு வெட்டும் கத்திரியால் எடுத்து, அரத்தால் விளிம்பைத் தேய்த்து, யு வடிவ ரப்பர் விளிம்பு போட்டு, கம்பி கிரில் மாட்டுவது திட்டம். மதர்போர்டு உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுக்காமல் இதில் கை வைக்கக் கூடாது, ஒரு இரும்புத் துகள் போதும் ஷார்ட் ஆக. முன்பக்க கிரில்லை வெட்ட மனமில்லை. அங்கே ஃபேன் உள்ளிழுக்கும் பக்கம் கிரில்லை ஒட்டி இருப்பதுதான் பிரச்சினை. பழைய ஃபேனின் நடுக்குமிழை வெட்டி எறிந்து கூட்டை மட்டும் இடையில் வைத்தால் 25 மி.மீ. இடைவெளி கிடைத்துவிடும்.

கிரில் முடியும் முன்பே மனம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்விட்டது. அதன் ஃபேன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காது, நிற்பதும் தொடங்குவதுமாக இருக்கிறது. பிளாஸ்டிக் கவசத்தைக் கழற்றி இரண்டு 120 மி.மீ. ஃபேன் கட்டலாம். கார்டில் இருக்கும் 4 பின் கனெக்டர் 2 மி.மீ. இடைவெளி கொண்ட சின்ன ரகம், மதர்போர்டு ஃபேன் வயர் அதில் நேரடியாக ஏறாது, அடாப்டர் வேண்டும். ஹீட்சிங்க்குக்கும் எஸ்எம்பிஎஸ் மூடிக்கும் நடுவே 45 மி.மீ. கிடைக்கும் போலிருக்கிறது. 25 மி.மீ. ஃபேன் போட்டால் காற்றை இழுக்க 20 மி.மீ.தான் மிஞ்சும். 15 மி.மீ. மெல்லிய ஃபேன் போட்டால் இடம் தாராளம், ஆனால் அதே காற்றுக்குக் கூடுதல் ஆர்பிஎம் கேட்கும், அதன் இறக்கை கடக்கும் அதிர்வெண் 118 முதல் 132 ஹெர்ட்ஸ் வரையிலான அந்த மேட்டில் எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். அடாப்டர் வந்ததும் இரண்டுக்கும் ஸ்வீப் எடுத்துப் போடுகிறேன்.