கொடியில் காய்ந்த பால் கவர்கள்

ஆலப்புழையில் நாங்கள் தங்கியிருந்த வீட்டின் கொல்லைப்புறத்தில், துவைத்த வேட்டிக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பால் கவர்கள் கிளிப் மாட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. படகு வீடு பார்க்கப் போனவள் நான். மூன்று நாளும் என் கண் அந்தக் கொடியிலேயே நின்றது.

"கழுவாமல் கொடுத்தால் என்ன அம்மா?" என்று கேட்டேன். "குப்பை வாங்க வரும் சேச்சிகள் கையால் பிரிக்க வேண்டுமே, மோளே" என்றார் வீட்டுக்கார அம்மா.

2012 வரை இந்த நகரத்தின் குப்பையெல்லாம் பக்கத்திலுள்ள சர்வோதயபுரத்துக்குத்தான் போனது. நாற்றம் பொறுக்காத அந்த ஊர் மக்கள் லாரிகளை மறித்தார்கள். ஆலப்புழைத் தெருக்களில் குப்பை குவிந்தது. அப்போது எம்.எல்.ஏ.வாக இருந்த தாமஸ் ஐசக்கும் நகராட்சியும் வீட்டுக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கவும் எரிவாயுவாக்கவும் மக்களைப் பழக்கினார்கள். இடமில்லாதவர்களுக்குப் பொது உரத்தொட்டிகள். ஒன்றின் அருகே போய் நின்றேன். சாணமும் சருகும் கழிவும் அடுக்கடுக்காக இருந்தன, ஈரமண் வாசனைதான் வந்தது. எங்கள் சென்னைக் குப்பையைக் கிடங்கருகே வாழும் கொடுங்கையூர் மக்கள் எத்தனை தலைமுறையாகச் சுவாசிக்கிறார்கள் என்பதை நினைத்தபோது உள்ளபடியே வலித்தது.

மக்காத குப்பைக்கு வருபவர்கள் ஹரித கர்ம சேனைப் பெண்கள்; கேரளத்தில் வீடு வீடாகப் போய்க் குப்பை சேகரிக்கும் பெண்கள் குழு அது. மறுநாள் காலை பச்சைச் சீருடையில் இருவர் வந்தார்கள். சுவரிலிருந்த கியூஆர் அட்டையைக் கைப்பேசியில் பதிந்து, பையை வாங்கி, மாதக் கட்டணத்துக்கு ரசீது கொடுத்தார்கள். அம்மா மோர் கொண்டுவந்தார். திண்ணையில் உட்கார்ந்து, வீட்டில் யாருக்குக் கால்வலி, யார் மகளுக்குப் பரீட்சை என்று பேசிக்கொண்டார்கள். குப்பை எடுப்பவரை வாசலோடு அனுப்பிப் பழகிய எனக்கு அந்தத் திண்ணைதான் பெரிய செய்தி.

ஆனால் கூலி போதாது. அந்தக் கட்டணத்தை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு. 2023இல் கேரளத்தின் பரப்பனங்காடி ஊரின் 11 சேனைப் பெண்கள் சேர்ந்து வாங்கிய 250 ரூபாய் லாட்டரி டிக்கெட்டுக்கு 10 கோடி விழுந்தது. ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட, மற்ற இருவரிடம் அதுகூட முழுதாக இல்லாமல் ஆளுக்குப் பாதி போட்டிருந்தார்கள். எல்லோரும் அந்தப் பரிசைப் பேசினார்கள். என்னை உறுத்துவது அந்தப் பன்னிரண்டரை ரூபாய்.

மோரைக் குடித்துவிட்டு இருவரும் அடுத்த வீட்டு வாசலில் நின்றார்கள். "சென்ற மாதமும் இங்கே கட்டணம் தரவில்லை" என்றார் மூத்தவர். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை மணியடித்தார்கள், கதவு திறக்கவில்லை.