தாழம்பூ ரேக்கு

சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவில், புதிய உடைத் தொகுப்பு ஒன்றுக்காக, இந்த வாரம் மூன்று நாள் காலையில் அமர்ந்து இலைகளை வரைந்தேன். பூக்களைவிட இலைகளின் விளிம்புகளே என்னை அதிகம் ஈர்த்தன. வரைந்த தாள்களை வீட்டில் விரித்துப் பார்த்தபோது, அம்மாவின் காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கரையில் கூர்கூராக எழும் முக்கோண வரிசையான தாழம்பூ ரேக்கு வடிவம்தான் நினைவுக்கு வந்தது.

மல்லிமொக்கு, மாங்காய், கொடி என்று நம் நெசவாளர்கள் தலைமுறைகளாகத் தோட்டத்தைத் தறியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். அதிலும் கோர்வை முறையில், சேலையின் உடலுக்கு ஒன்றும் இருபுறக் கரைகளுக்கு இரண்டுமாக, குறுக்கிழையைக் கொண்டுசெல்லும் மூன்று நாடாக்களை ஓட்டி, வெவ்வேறு நிற இழைகளைச் சேருமிடத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கொள்ளச் செய்வதற்கு, பெரும்பாலும் இருவர் ஒரே தறியில் அமர வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பை அறிந்த பிறகு, ரேக்கைத் துணியில் வெறுமனே அச்சிட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, இலைப்பச்சை உடலும் அரக்கு நிறக் கரையுமாக முதல் துப்பட்டாவைக் கோர்வையிலேயே நெய்யச் சொல்லியிருக்கிறேன். ரேக்கின் உயரத்தை மட்டும் நான் வரைந்த இலை விளிம்பைப் போலச் சற்றே சீரற்றதாக வைக்க முடியுமா என்று நெசவாளர் அண்ணனிடம் கேட்டேன். முதலில் ஒரு சாண் நெய்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.