மிச்சமிருந்த கருக்களைத் தம்பிக்குக் கொடுக்க நினைத்தோம்

எங்கள் இரண்டு பிள்ளைகளும் ஐவிஎஃப் மூலம், அதாவது உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சையில், பிறந்தவர்கள். சிகிச்சை வேலூரில். அவர்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் உறைய வைத்த கருக்கள் சில மிச்சம் இருந்தன. வருடா வருடம் சேமிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

குடியாத்தத்தில் இருக்கும் என் தம்பிக்குக் குழந்தை இல்லை. பொங்கலுக்கு வந்தபோது தம்பி மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணி, உங்களுக்கு வேண்டாம்னா எங்களுக்குக் கொடுங்களேன். நான் சுமந்துக்கறேன்."

எனக்கும் என் கணவருக்கும் முழுச் சம்மதம். அம்மாதான் கேட்டார்: "பொண்ணு பொறந்தா உன் பையனுக்கு மாமன் மகளாச்சே?"

எங்கள் பக்கம் மாமன் மகள் என்றால் சடங்கு வீட்டிலேயே கல்யாணப் பேச்சு கிளம்பிவிடும். ரத்தத்திலோ அவர்கள் ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள். அக்கா தங்கைக்குள் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அந்தப் பிள்ளைகள் முறையிலேயே அண்ணன் தங்கைதான். "யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றான் தம்பி. அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தே ஆக வேண்டும். முகம் தெரியாதவர்களுக்குக் கொடுப்பது இதைவிடப் பயம். ஆற்காடு, ஆம்பூர் என்று சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சனம் நாங்கள். தெரியாமலே கூடப்பிறந்தவர்களுக்குள் கல்யாணம் நடந்துவிடலாம்.

அப்புறம் மருத்துவமனையில் கேட்டோம். கவுன்சிலர் பொறுமையாக விளக்கினார். 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கருவை விற்கவோ அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்கவோ கூடாது. சொந்தத் தேவைக்கு இடம் மாற்றுவதற்கே இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். அதிகபட்சம் 10 வருடம் வைக்கலாம். அதன்பின் அழிய விட வேண்டும், அல்லது எங்கள் சம்மதத்தோடு பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்கலாம்.

தம்பி மனைவி அன்று அழுத அழுகை எனக்கு இன்னும் தாங்கவில்லை. இந்தக் கதவை முழுசாக அடைத்தது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. தத்துப் பிள்ளைக்கு 18 வயதானால் தன் பிறப்பைத் தேட நம் நாட்டில் விதி இருக்கிறது. அதே உரிமையை எழுதி வைத்துவிட்டுக் கரு தானத்தையும் அனுமதிக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆராய்ச்சிக்குக் கொடுக்க என் கணவருக்கு மனமில்லை. எனக்கும்தான். காலம் முடிந்ததும் அழிய விடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டோம். தம்பி வீட்டில் தத்தெடுக்கப் பதிவு செய்து காத்திருக்கிறார்கள்.