வீட்டு அலங்கார இதழுக்குச் சந்தா: ஓராண்டில் என்ன தேறியது?

இரண்டு சந்தா கட்டினேன். ஒன்று ஆர்க்கிடெக்சுரல் டைஜஸ்ட் இந்தியப் பதிப்பு, அச்சில். இன்னொன்று அமெரிக்காவின் ட்வெல், டிஜிட்டலில். வீடு சென்னையில்; மூன்றாம் மாடி, 850 சதுர அடி, மேற்கு பார்த்த ஹால். இடித்துக் கட்டும் உத்தேசம் கிடையாது. இருக்கிற ஹாலில் நாலு பேர் நிம்மதியாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். படம் மட்டும் போதுமென்றால் இன்ஸ்டாகிராம் இலவசமாகக் கொட்டுகிறது. காசு கொடுத்தால் அதற்கு மேல் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் இந்த முயற்சி.

முதலில் அச்சிதழ். 1920ல் லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்த இதழ். இந்தியப் பதிப்பு 2012ல் வந்தது. தாளையும் அச்சையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அதில் வரும் சில வரவேற்பறைகளுக்குள் எங்கள் ஃபிளாட்டையே தூக்கி வைத்துவிடலாம். நான் புரட்டிய பக்கங்களில் சீலிங் ஃபேன் அபூர்வம். இன்வெர்ட்டர், பீரோ, தண்ணீர் கேன் கண்ணிலேயே படவில்லை. “இவங்கல்லாம் துணிய எங்கங்க காயப்போடுவாங்க?” என்றாள் மனைவி. அந்தக் கேள்விக்கு எந்த இதழிலும் பதில் இல்லை.

ட்வெல் வேறு ரகம். 2000ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியபோதே, மனுஷ வாசனை இல்லாத வீடுகளைப் பழக்கிண்ணம் வைத்துப் படமெடுக்கும் வழக்கத்தை அதன் முதல் ஆசிரியர் கேரி ஜேக்கப்ஸ் கிண்டலடித்திருந்தார். பல வீடுகளுக்கு பிளானும் போடுகிறார்கள். சில கட்டுரைகளில் மரவேலைக்கு இவ்வளவு, மின்வேலைக்கு இவ்வளவு என்று செலவைப் பிரித்தே எழுதிவிடுகிறார்கள். டாலர் தொகை நமக்கு ஆகாது. எந்த வேலை எவ்வளவு பங்கைத் தின்கிறது என்பது ஆகும்.

பிளான் பார்த்துப் பழகியதில் கை சும்மா இருக்கவில்லை. கிராஃப் தாளில் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று எங்கள் ஹாலை வரைந்தேன். வாசலிலிருந்து பால்கனிக்குப் போகிற வழி சோஃபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஓடியது. டிவி பார்ப்பவரின் முழங்காலைத் தாண்டித்தான் யாரும் போக வேண்டும்! நடைவழிக்கு 3 அடி, சோஃபாவுக்கும் டீப்பாய்க்கும் இடையே ஒன்றரை அடி என்று வைத்துப் பார்த்ததில், சோஃபாவை எதிர்ச்சுவருக்கு மாற்றினால் போதும் என்று தெரிந்தது. செலவு பூஜ்யம். எனக்குச் சந்தா பலித்தது இங்கேதான்.

அடுத்து விளக்கு. நம் வீடுகளில் சுவரின் உச்சியில் ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் 6500 கெல்வின் வெள்ளை. கெல்வின் என்பது ஒளியின் நிறத்துக்கான அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். இதழ்ப் படங்களை உற்றுப் பார்த்தால் ஒரே அறையில் மூன்று நான்கு இடங்களிலிருந்து, அதுவும் தாழ்வாக, வெளிச்சம் வருகிறது. 3000 கெல்வின் பல்பு கேட்டுக் கடைக்குப் போனேன். “மஞ்சளா அழுது வடியுமே சார்” என்றார் கடைக்காரர். சோஃபா மூலையில் ஒரு ஸ்டாண்டு விளக்கு, புத்தக அலமாரி மேல் ஒன்று, சாப்பாட்டு மேசைக்கு மேல் இரண்டரை அடி உயரத்தில் தொங்கும் விளக்கு ஒன்று. சுவரைக் கொத்தாமல் கேசிங் பட்டியிலேயே ஒயர் இழுத்தாயிற்று. பல்பு அட்டையில் சி.ஆர்.ஐ. என்றொரு எண் இருக்கும். நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கான அளவு அது. 90க்கு மேல் வாங்குங்கள். பட்டுப்புடவையின் அரக்கு அரக்காகவே தெரியும்.

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. “பார் மாதிரி இருக்குடா” என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வயதாக ஆகக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறையும், பேப்பர் படிக்கக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். டியூப்லைட்டைக் கழற்றவில்லை. தனி சுவிட்சில் அவருக்காக இருக்கிறது.

அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதவையும் உண்டு. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போட்டு வெயிலை வரவேற்பதெல்லாம் குளிர்தேசத்துக் கணக்கு. எங்கள் மேற்கு ஜன்னலில் மே மாத மாலை வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால், உள்ளே எந்தத் திரைச்சீலை போட்டும் பெரிய பிரயோஜனமில்லை. கிரில்லுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. கம்பளத்துக்கு பதில் பவானி ஜமக்காளம். சோஃபாவின் முன்கால்கள் விரிப்பின் மேல் நிற்க வேண்டும் என்ற இதழ் விதி ஜமக்காளத்துக்கும் பொருந்துகிறது. துவைத்தும் போடலாம்.

ஆறேழு மாதத்தில் அலுப்புத் தட்டியது. அதே வளைந்த சோஃபா, அதே சுருள்நூல் துணி போர்த்திய நாற்காலி, அதே வரிவரியான மரப்பலகைச் சுவர், இடையிடையே விளம்பரம். இதழ்கள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1945ல் ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர் என்ற கலிஃபோர்னிய இதழ், மாதிரி வீடுகளைத் தானே முன்னின்று கட்டவைக்கக் கிளம்பியது. அந்த வரிசையில் வந்த ஈம்ஸ் என்ற வடிவமைப்பாளர் தம்பதியின் வீடு, 1949ல், கேட்லாகில் பார்த்து வாங்கக்கூடிய ஸ்டீல் உறுப்புகளால் எழுந்தது. அந்தத் துணிச்சலை இன்றைய இதழ்களிடம் எதிர்பார்ப்பது அதிகம்தான்.

அச்சுச் சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. பழைய புத்தகக் கடைகளில் முந்தைய இதழ்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பிளான் ஊசிப்போகிற பண்டமல்லவே. டிஜிட்டல் மட்டும், வேலை எடுக்கும் மாதங்களில். ஒரு வருடம் வாங்கிப் பாருங்கள் என்பேன், கையில் டேப்பும் கிராஃப் தாளும் இருந்தால். சும்மா புரட்ட மட்டும் என்றால் வேண்டாம்.

அடுத்தது சமையல் மேடை. அமெரிக்க அளவு 36 அங்குல உயரம். ஆனால் அங்கே பல வீடுகளில் அடுப்பு மேடைக்குள்ளேயே பதிந்திருக்கும். நம் ஸ்டவ் மேடைமேல் உட்கார்ந்து இன்னும் நாலு அங்குலம் ஏற்றிவிடும். மனைவியின் உயரத்துக்கு அடுப்பிருக்கும் பக்கம் 30, காய் நறுக்கும் பக்கம் 33 என்று இரண்டு மட்டமாக வரைந்திருக்கிறேன். ஆடி முடிந்ததும் கொத்தனார் வருகிறார்.